முன்சக்கரத்து வால்வு

சுற்றிக்கொண்டிருக்கிறது இன்னும், சீட்டையும் ஹேண்டில்பாரையும் மணலில் ஊன்றித் தலைகீழாக நிற்கிற சைக்கிளின் முன்சக்கரம், கம்பிகளெல்லாம் கரைந்து வெள்ளிப் புகையாகி, அந்தப் புகையின் ஓரத்தில் ஒரே ஒரு பித்தளைப் புள்ளி மின்னி மின்னிப் போகிறது, அதுதான் வால்வு, காற்றடிக்கும் சின்னக் குழாய், வேகம் குறையக் குறையக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன, இதோ நின்றுவிட்டது என்று நினைக்கும்போது சக்கரம் பின்னோக்கி வருகிறது, மறுபடி முன்னே, மறுபடி பின்னே, தொட்டிலைப் போல ஆடி ஆடி, வால்வு நேர் கீழே வந்த பிறகே அடங்குகிறது, எத்தனை முறை சுழற்றிவிட்டாலும் அப்படித்தான், என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறேன், வட்டம் முழுக்க ஒரே கனமாக இருந்தால் எங்கே நிற்பது என்று சக்கரத்துக்கு ஒரு தீர்மானமும் இருக்காது, இந்த விரல்நுனிப் பித்தளை ஒரு பக்கத்தில் கூடுதலாக இருப்பதால் அதற்கு ஒரு கீழ் உண்டாகிவிடுகிறது, ஒரு வீடு உண்டாகிவிடுகிறது என்று சொன்னேனா, இல்லை, அதை இப்போதுதான் நினைக்கிறேனா, தெரியவில்லை.

அது என் வீட்டுக்காரரின் சைக்கிள், அருமைநாயகத்தின் சைக்கிள், நடுவில் பார் வைத்த உயரமான பழைய சைக்கிள், அதை நான் விலை கொடுத்து வாங்கினேன், ஆமாம், சொந்தப் புருஷன் சைக்கிளை ஏலத்தில் எடுத்தவள் எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான், செம்மணல் மேடான எங்கள் தேரிக்காட்டு ஊர்களில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை முடிந்ததும் வேதக்கோயில் வாசலில் ஏலம் நடக்கும், அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், சேவல், முருங்கைக்காய்க் கட்டு, ஒற்றைத் தேங்காய் எல்லாம் ஏலம் போகும், ஒரு எலுமிச்சம்பழம் ஒரு மூட்டை அரிசி விலைக்குப் போகும், பழம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, அந்தப் பணம் மிஷனுக்குப் போகிறது என்று கேட்கிறார்கள், அந்த வருஷம் வாழைத்தாருக்குப் பக்கத்தில் இந்தச் சைக்கிள் நின்றது, மலைக்குப் போறவனுக்கு எதுக்கு சைக்கிள் என்று அவர் கொண்டுவந்து நிறுத்திவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏலம் போடுவது கோயில்குட்டி மாசிலாமணி, கோயிலைத் திறந்து பெருக்கி மணியடிக்கிறவர், அவர் பெல்லை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார், பாத்துக்கிடுங்க, பெல்லு நல்லாப் பேசுது, பிரேக்கு மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் பிடிக்கும், யாருக்கு வேணும் என்றார், சிரிப்பு, உப்பளக்காரர் ஒருவர் ஒரு விலை சொன்னார், நான் அதற்கு மேல் சொன்னேன், அவர் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார், நானும் ஏற்றினேன், பக்கத்தில் நின்ற பாக்கியசீலி அக்கா, எங்கள் அடுத்த வீடு, என் சேலையைப் பிடித்து இழுத்தாள், ஏளா, கோட்டி பிடிச்சிருக்கா, வீட்டுல கிடந்த சவத்தத்தானே கேக்க என்றாள், மாசிலாமணிக்கும் சங்கடம், டீச்சர், இது ஒங்க சைக்கிளுல்லா என்றார், காலையிலதான் எங்க சைக்கிள், இப்ப கோயில் சைக்கிள், நீங்க தரத்தச் சொல்லுங்க என்றேன், ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், என் கையில் ஒரு வளையல் குறைந்தது, திரும்பும்போது என் வீட்டுக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் கூட நடக்கிறார், செம்மணலில் டயர் புதைந்து புதைந்து வருகிறது, குனிந்து பார்த்துவிட்டு, பின்சக்கரத்துல ரெண்டு கம்பி லூசு, ஏலத்துல அதைச் சொல்லல என்றார், நானும் கேட்கவில்லை என்றேன், அவ்வளவுதான் பேசினோம்.

அதற்கு முன்பே கமிட்டி நடந்துவிட்டது, எங்கள் சேகரத்துக்கு, அதாவது சுற்றுப்பட்டுச் சபைகளெல்லாம் சேர்ந்த வட்டாரத்துக்கு, ஒடிசா மலையில் சொந்தமாக ஒரு ஊழியத்தலம் இருந்தது, ஒரு சின்னப் பள்ளிக்கூடம், ஒரு மருந்துப் பெட்டி, ஒரு கூரைக் கோயில், அங்கே போக ஆள் கேட்டார்கள், ஆரம்பப் பள்ளி வாத்தியாரான இவர் கை தூக்கினார், கல்யாணமானவர் போவதென்றால் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் இரண்டு பேருக்கும் அழைப்பு இருக்க வேண்டும், ஆண்டவர் உன்னை அங்கே கூப்பிடுகிறார் என்று உள்ளுக்குள் ஒரு நிச்சயம், அது சட்டம், நல்ல சட்டம்தான், ஒருத்தர் மனசில்லாமல் போனால் இரண்டு பேரும் உடைந்து திரும்புவார்கள் என்று அனுபவத்தில் கண்டு வைத்தது, காரியதரிசி செல்லையா சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டார், உனக்கும் அழைப்பு உண்டாம்மா, வாசலில் பாக்கியசீலி அக்கா தலையை ஆட்டு ஆட்டு என்று எனக்குச் சைகை செய்கிறாள், நான் உள்ளே காது கொடுத்துப் பார்த்தேன், மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது, எனக்கு அப்படி ஒண்ணும் கேட்கல சார் என்று சொல்லிவிட்டேன், இவர் தரையைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தார், நான் பொய் சொல்லமாட்டேன் என்று இவருக்குத் தெரியும், அவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு வழி சொன்னார்கள், அவர் மூன்று வருஷம் தனியாகப் போய்வரட்டும், அதற்குள் உனக்கு அழைப்பு வந்தால் சேர்ந்துகொள், வராவிட்டால் மூன்றாம் வருஷத்து ஈஸ்டரோடு அவர் திரும்பிவிட வேண்டும். என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் அவருடைய மலை இருந்தது, உண்டு என்று பொய் சொன்னால் அவர் அங்கே இருக்கலாம், இல்லை என்று உண்மை சொன்னால் அவர் இங்கே வந்து வேலியோரம் உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருப்பார், மூன்று வருஷமும் தினம் காது கொடுத்துப் பார்த்தேன், பால் பொங்குவது கேட்டது, பள்ளிக்கூட மணி கேட்டது.

மூன்றாம் வருஷம் அவர் தண்ணீரைப் பற்றிச் சொல்லியனுப்பினார், சிலிபதர் என்ற அந்த ஊரில் பெண்கள் பள்ளத்து ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்து ஏறுகிறார்கள், ஊருக்கு மேலே மலையில் ஒரு ஊற்று இருக்கிறது, குழாய் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் தானாக இறங்கும், பணம்தான் இல்லை, அதைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன், நான் சைக்கிளில் போகிறேன், வழியில் இருக்கிற ஒவ்வொரு சபையிலும் நின்று இதை விளக்கிச் சொல்கிறேன், அவர்கள் கொடுப்பதை நேராக அங்கே அனுப்பட்டும் என்றேன், எனக்குப் பிரசங்கம் வராது, விளக்கத்தான் வரும், இதற்கு எதற்குச் சைக்கிள், ரயில் இருக்கே என்றார்கள், நாற்பது வயசை நெருங்கும் ஒரு டீச்சர் சுடிதார் போட்டுக்கொண்டு பார் சைக்கிளில் கடற்கரை நெடுக வருகிறாள் என்றால் ஊர் பார்க்க வரும், பார்க்க வந்தால் கேட்கும், கேட்டால் கொடுக்கும் என்றேன், அது உண்மைதான், இன்னொரு உண்மையும் இருந்தது, ரயிலில் போனால் அழைப்பு உண்டா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலே போய் இறங்கிவிடுவேன், ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. பாக்கியசீலி அக்கா ஒரு சின்னப் பையைக் கேரியரில் கட்டினாள், கைப்பிடி அரிசி, ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது மிஷனுக்கென்று ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டு வைப்போமே அது, அக்கா, அங்கேயும் அரிசி கிடைக்கும் என்றேன், கிடைக்கும், அது எங்க அரிசி ஆவுமா, ஒம் மாப்பிள்ளைக்குப் பொங்கிப் போடு என்றாள், பிறகு குரலைத் தாழ்த்தி, அப்படியே கூட்டிட்டு வந்திரு, போதும் சாமியார் வேசம் என்றாள்.

ஓடுகிறது சைக்கிள், இல்லை, காற்று ஓடுகிறது, நான் ஒரே இடத்தில் மிதித்துக்கொண்டிருக்கிறேன், அந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், நான் வடக்கே போகிறேன், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் தள்ளு நான்கு மடங்காகும், அதனால் குனிந்து உடம்பைச் சின்னதாக்கிக்கொள்ள வேண்டும், கடலும் உப்பளமும் கடலும் உப்பளமும், உப்புக் குவியல்களின் வெள்ளை கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தின் நடுவில் ஃப்ரீவீல் டிக் டிக் டிக் என்கிறது, உள்ளே இரண்டு சின்ன நாக்குகள் பல்லின் மேல் வழுக்கி வழுக்கி விழும் சத்தம், முன்னால் மிதித்தால் கவ்விக்கொள்ளும், சும்மா விட்டால் வழுக்கும், அந்தச் சத்தத்தில் தூக்கம் வருகிறது, தூக்கத்தில் நான் கேரியரில் உட்கார்ந்திருக்கிறேன், கல்யாணமான புதிது, எனக்கு முன்னால் அவர் முதுகு, வேர்வையில் சட்டை ஒட்டியிருக்கிறது, பள்ளத்துல இறக்கப்போறேன் பிடிச்சுக்கோ என்கிறார், பிடித்துக்கொள்கிறேன், பிடித்தது ஹேண்டில்பார், ஓட்டுவதும் நான்தான், கேரியரில் அரிசிப்பை. ஊர்கள் வந்து வந்து போகின்றன, நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஒரு சபையில் பெண்கள் அவரவர் கைப்பிடி அரிசியையெல்லாம் கொண்டுவந்து என் முன்னால் கொட்டிவிட்டார்கள், இத்தனையையும் நான் எப்படிம்மா ஏத்திட்டுப் போவேன் என்று சிரித்தேன், ஒரு மூட்டை கூடினால் பின்சக்கரத்துக் கம்பி தெறித்துவிடும், கம்பி ஒவ்வொன்றும் மெல்லிசு, தனியாக எதையும் தாங்காது, எல்லாம் எல்லாப் பக்கமும் இழுத்துக்கொண்டிருப்பதால்தான் அச்சு நடுவில் நிற்கிறது என்று அவர்களுக்குக் காட்டினேன், அதற்கென்ன, ஏலம் போட்டா ஆச்சு என்று ஒருத்தி எழுந்தாள், அங்கேயே ஏலம் போட்டார்கள், கொண்டுவந்த அரிசியைக் கொண்டுவந்தவர்களே விலைக்கு எடுத்து வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள், எனக்கு என் ஊர் வந்துவிட்டது போல இருந்தது.

எங்கே போனாலும் தரையில் சாக்பீஸால் வரைந்தேன், மேலே ஊற்று, கீழே ஊர், நடுவில் குழாய், தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டதோ அந்த உயரம்வரை தானாக ஏறிவிடும், நாம் அதற்கு வழி விட்டால் போதும், சென்னையைத் தாண்டி நெல்லூர், ஓங்கோல், தமிழ் தேய்ந்து தெலுங்கு வந்த பிறகும் படம் போதுமானதாக இருந்தது, பாட்டிமார் கோட்டின் மேல் விரலை ஓட்டி, கீழே வந்ததும் இரண்டு கையையும் குவித்து ஏந்திக் காட்டுவார்கள், புரிந்துவிட்டது என்று அர்த்தம், கோதாவரிப் பாலத்தில் லாரிகள் போகும்போது பாலம் நடுங்குகிறது, மெதுவாகப் போனால் சைக்கிள் சாய்கிறது, சாய்கிற பக்கமே ஹேண்டிலைத் திருப்பினால்தான் நிமிரும், எதிர்ப்பக்கம் திருப்பினால் விழுவோம், இது யாரும் சொல்லிக்கொடுக்காமல் உடம்புக்குத் தெரிகிறது, நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்றுதான் தெரியவில்லை. எல்லாச் சபையிலும் கடைசியில் ஒரு பெரியவர் அதைக் கேட்பார், ஊழியக்காரர் சம்சாரமா, நீங்களும் அங்கேயே தங்கப்போறீங்களா, அழைப்பு கிடைச்சுட்டுதாம்மா, முதலில் இன்னும் இல்லைங்க என்றேன், பிறகு தெரியலைங்க என்றேன், ஸ்ரீகாகுளத்துக்கு வரும்போது, நான் குழாய்க்காகப் போறேன் என்று மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தேன்.

மலை வந்ததும் சைக்கிளில் ஏறுவது நின்று, சைக்கிளை ஏற்றுவது தொடங்கியது, உருட்டு, நில், மூச்சு விடு, உருட்டு, ஒரு திருப்பத்தில் அவர் நிற்கிறார், ஒல்லியாக, மீசையில் நரையோடு, கனவில் வந்த முதுகுக்கு முகம் கிடைத்தது போல, என்னைப் பார்க்க வெட்கப்பட்டுச் சைக்கிளைப் பார்க்கிறார், பிரேக்கு பிடிக்குதா என்கிறார், யோசிச்சுப் பிடிக்குது என்றேன், அப்போதுதான் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்பு நின்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது, தண்ணி வரல என்றார். எனக்கு முன்னே பணம் போய்ச் சேர்ந்திருந்தது, அவரும் ஊர்க்காரர்களும் கறுப்புக் குழாயை வாங்கிச் சுமந்து ஊற்றிலிருந்து ஊர்வரை போட்டுவிட்டிருந்தார்கள், ஊற்றில் குழாய்வாய்க்குள் தண்ணீர் போகிறது, கீழே பைப்பைத் திறந்தால் ஒரு இருமல், கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான், பைப்புக்கு முன்னால் ஒரு பெண் குடத்தோடு நின்றாள், மாலோதி, பைப்பை ஒட்டிய முதல் வீடு அவளுடையது, தினமும் வந்து திறந்து பார்த்துவிட்டு ஓடைக்கு இறங்குகிறாளாம், அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து அவரிடம் ஏதோ கேட்டாள், அவர் காது சிவந்துவிட்டது, என்ன சொல்கிறாள் என்றேன், அவர் விழுங்கி விழுங்கிச் சொன்னார், பொண்டாட்டி வந்தா தண்ணி வரும்னு சொன்னியே, இவதானா அந்தப் பொண்டாட்டிங்கா, அப்படியா சொன்னீங்க என்றேன், பின்னே, குழா அடைச்ச வாத்தியாரு வேற என்னத்தச் சொல்லட்டும் என்றார்.

மறுநாள் ஊற்றிலிருந்து குழாயோடு நடந்து இறங்கினேன், அங்கங்கே குனிந்து அதன் மேல் காது வைத்தபடி, அவர் பின்னால் வருகிறார், எனக்குப் பின்னால் அவர் வருவது எனக்குப் புதிது, மேலே எல்லாம் தண்ணீர் இருக்கிற கனம், தட்டினால் மந்தமான சத்தம், பிறகு குழாய் ஒரு பள்ளத்தில் இறங்கி ஒரு மேட்டில் ஏறுகிறது, ஊற்றைவிடத் தாழ்ந்த மேடுதான், தண்ணீர் ஏறிவிடும், ஏற வேண்டும், அந்த மேட்டின் உச்சியில் காது வைத்தேன், வெறுமை, தட்டினால் பறை போல ஒலிக்கிறது, அட, நான் இத்தனை ஊரில் தரையில் வரைந்த கோடு நேராக இறங்கியது, இந்த மேட்டை நான் வரையவே இல்லை, குழாய் நிறையும்போது முதலில் உள்ளே இருந்த காற்று எங்கே போகும், உயரமான இடத்துக்குப் போகும், அங்கே போய் மாட்டிக்கொள்ளும், இந்தப் பக்கத் தண்ணீர் அதைத் தள்ளுகிறது, காற்று பஞ்சு போல அமுங்கி அமுங்கி அந்தத் தள்ளுதலையெல்லாம் தின்றுவிடுகிறது, குழாய் அடைபடவில்லை, ஒன்றுமே இல்லாததால் அடைபட்டிருக்கிறது, இங்க ஒரு சின்ன வாய் வேணும் என்றேன், காத்து வெளிய போகணும், போன பிறகு மூடிக்கணும், டவுனுக்குப் போய் வாங்கணுமா என்றார், நான் ஏற்கெனவே கீழே ஓடிக்கொண்டிருந்தேன்.

சைக்கிளைக் கவிழ்த்து முன்சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, வால்வைச் சுற்றி இருந்த ரப்பரோடு சேர்த்து ஒரு இலை அளவுக்கு வெட்டி எடுத்தேன், மிச்ச டியூபை நீள நீளமாக நாடாவாகக் கிழித்தேன், மேட்டில் சுள்ளி மூட்டி ஆணியைக் காய்ச்சிக் குழாயில் ஒரு துளை போட்டார் அவர், உடனே சீறிய துளையை விரலால் பொத்தி, அதன் மேல் வால்வை உட்கார வைத்து, ரப்பர் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினேன், இழுத்துச் சுற்றிய ரப்பர் ஒவ்வொரு சுற்றுக்கும் இறுக்கம் கூடும், கடைசியில் கல் போல ஆகிவிடும், பிறகு வால்வின் தலையைத் திருகி உள்ளே இருந்த ஊசியை எடுத்தேன், உஸ்ஸ்ஸ் என்று ஆரம்பித்தது, நீளமாக, நிற்காமல், குழாய் மூச்சை விட்டுக்கொண்டே இருக்கிறது, என் மூன்று வருஷ மூச்சு போல, நான் அதில் முகத்தை வைத்தேன், கருகின பிளாஸ்டிக்கும் மண்ணும் மணத்தது, இவர் என் பக்கத்தில் முட்டி போட்டிருக்கிறார், ஜெபமா, வேடிக்கையா, அந்தச் சத்தம் மெல்லிசாகி, தடுமாறி, என் நெற்றியில் ஒரு துப்பல், பிறகு ஊசி போல ஒரு தண்ணீர்க் கம்பி மேலே பாய்ந்தது, தலையைத் திருகி மூடினேன், கைக்கு அடியில் குழாய் சில்லென்று கனத்தது, கீழே மாலோதியின் குரல் கேட்டது, சொல் எனக்குப் புரியவில்லை, குடம் நிரம்புகிற ஒருத்தியின் குரல் எந்த ஊரிலும் ஒன்றுதான், அந்தத் தண்ணீரில்தான் பாக்கியசீலி அக்காவின் அரிசியைப் பொங்கினேன், மாலோதி வீட்டுக்கும் போனது, நம்மூருச் சோறு என்று இவர் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார், ஈஸ்டர் வருது என்றார், வருது என்றேன், செல்லையா சார் கேப்பாரு, கேப்பாரு, எனக்காக நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் உங்கூட வந்திருதேன் என்றார், சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொன்னேன், அந்த மேட்டுல காத்து மறுபடியும் சேரும், தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டே இருக்கும், யாராவது அப்பப்ப ஏறிப்போய் வால்வத் திறந்து விடணும், எவ்வளவு திறக்கணும், எப்ப மூடணும்னு கைக்குப் பழகணும், நீங்க அதை உடைச்சிருவீங்க. அவர் நிமிரவில்லை, அழைப்புன்னு கேட்டா என்ன சொல்வே என்றார், வரலைன்னுதான் சொல்வேன், வராததை வந்ததுன்னு எப்படிச் சொல்ல, குழாய்ல காத்து எடுக்க ஆள் வேணும், அந்த ஆள் நான்னு சொல்வேன், அவங்க சட்டத்துல இடம் இருந்தா இருக்கட்டும். அப்படியேதான் எழுதினோம், கமிட்டியில் பெரிய வாக்குவாதமாம், கடைசியில் மாசிலாமணி வாசலிலிருந்தே, எய்யா, அந்தப் பிள்ள ஒரு தரம் மனசில வச்சதக் கைய விட்டு விடுமா, நாந்தானே அன்னைக்கு ஏலம் போட்டேன் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாராம், செல்லையா சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்து வைத்தாராம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னே, அந்தச் சோறு சாப்பிட்ட பொழுதிலேயே ஒன்று நடந்தது, அவர் சைக்கிளுக்கு என்ன பண்ண, முன்சக்கரத்துக்கு டியூபு இல்லையே என்று எழுந்து, விளக்கேற்றத் தீப்பெட்டி தேடி என் பையைத் திறந்தார், பைக்குள், துணிகளுக்கு அடியில், மடிப்புக் கலையாத புது டியூப் ஒன்று இருந்தது, வழிக்கென்று வாங்கிக் கடைசிவரை தேவைப்படாமல் போனது, அதில் ஒரு வால்வும் இருந்தது, மேட்டில் வாய் வேண்டும் என்றபோது என் கை அதற்குப் போகவில்லை, நேராகச் சக்கரத்துக்குத்தான் போனது, ஏன் என்று அந்தக் கையைத்தான் கேட்க வேண்டும், அவர் அந்த டியூபை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, மறுபடி துணிகளுக்கு அடியில் வைத்துப் பையை மூடினார், வெளியே வந்து தூணில் சாய்ந்துகொண்டு, இந்தப் பக்கம் சைக்கிள் டியூபு கிடைக்காது போலிருக்கே என்றார், கிடைக்காதுதான் என்றேன் நான், அதைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை.

சுற்றிக்கொண்டிருக்கிறது இன்னும், பைப்படிக்குப் பக்கத்தில் தலைகீழாக நிற்கிற சைக்கிளின் முன்சக்கரம், தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள், டியூபும் இல்லை, டயரும் இல்லை, வெறும் வளையம், கம்பிகள் கரைந்து வெள்ளிப் புகையாகி, அந்தப் புகையில் மின்ன ஒரு புள்ளியும் இல்லை, வேகம் குறைகிறது, கம்பிகள் திரும்பி வருகின்றன, சக்கரம் பின்னோக்கி வரவில்லை, ஆடவில்லை, எதையும் தேடவில்லை, நின்ற இடத்தில் நின்றுவிடுகிறது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில், மாலோதியின் குடம் நிரம்பி வழிகிறது, நான் நிமிர்ந்து மேட்டைப் பார்க்கிறேன், வெயில் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, ஒரு பித்தளைப் புள்ளி.